குருணை ஓட்ஸ்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற மாதம் சர்க்கரை உள்ளவர்களின் காலைச் சாப்பாடு பற்றி எழுதும்போது, 'முடிந்தால் ஸ்டீல் கட் ஓட்ஸ் வாங்குங்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே இருக்கட்டும்.

அக்கா, கனடாவில் இருக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது ஸ்டீல் கட் ஓட்ஸ் என்று ஒரு டப்பா கொண்டுவந்தாள். திறந்தால் ஓட்ஸ் மாதிரியே இல்லை, சம்பா கோதுமை ரவை மாதிரி இருக்கிறது. வழக்கம்போல் பாலில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன், பல்லில் நறநறவென்று கடிபட்டது. இது என்ன ஓட்ஸ்? ஸ்டீலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
வாசகி, மதுரை

ஸ்டீல் என்பது அதை வெட்டும் கத்தி, அவ்வளவுதான் சகோதரி. நெல்லை வைத்து யோசித்தால் சட்டென்று பிடிபடும். நெல்லின் உமியை நீக்கினால் அரிசி, அரிசி உடைந்தால் குருணை. அதே நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டினால் அவல். ஓட்ஸிலும் இதே கதைதான். உமி நீக்கிய முழு மணியை எஃகுக் கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் உங்கள் டப்பாவில் இருப்பது. அந்த மணியை ஆவியில் வேகவைத்து உருளைக்கு நடுவே விட்டு நசுக்கினால், நாம் இத்தனை நாள் ஓட்ஸ் என்று வாங்கிக்கொண்டிருந்த தட்டைத் தகடு, அதாவது ஓட்ஸ் அவல். அதையே இன்னும் மெல்லிசாக நசுக்கி, முன்கூட்டியே வேகவைத்துக் காயவைத்தால் கொதிநீர் ஊற்றியதும் தயாராகிவிடும் உடனடி ஓட்ஸ். மூன்றும் ஒரே தானியம். நான் வீட்டில் இதைக் குருணை ஓட்ஸ் என்றுதான் சொல்கிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இப்படி வெட்டுவது ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பழைய வழக்கம். ஸ்காட்லாந்தில் இதற்குக் குண்டூசித் தலை என்ற அர்த்தத்தில் 'பின்ஹெட்' என்று பெயர், ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். அமெரிக்காவில் 1870-களில் ஆக்ரன் என்ற ஊரில் பெர்டினாண்ட் ஷூமாக்கர் என்ற ஜெர்மானிய ஆலைக்காரர், கல்லில் அரைத்தால் மாவாகிப் பசையாகிறதே என்று கத்தி வைத்த இயந்திரத்துக்கு மாறினார். அங்கே இது கடைச் சரக்காகப் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நறநறவென்று கடிபட்டதற்குக் காரணம் அது வேகவில்லை என்பதுதான். குருணைக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதுவும் பாலில் போடாதீர்கள், பாலில் சீக்கிரம் வேகாது, அடியும் பிடிக்கும். முதலில் தண்ணீரில் முழுசாக வெந்து மலரட்டும், பால் வேண்டுமானால் இறக்கும்போது கால் டம்ளர் ஊற்றுங்கள். நன்றாக வெந்த பிறகும் லேசாக மெல்ல வேண்டியிருக்கும், அது குறையில்லை, அதன் குணம்.

அம்மா, எனக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறேன். காலையில் நாலு இட்லி சாப்பிட்டால் பதினொரு மணிக்குப் பசி எடுத்துவிடுகிறது. உறவினர் ஒருவர் ஓட்ஸ் சாப்பிட்டு மாத்திரையையே விட்டுவிட்டேன் என்கிறார். உண்மையா?
வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, முதலில் கடைசி வரிக்குப் பதில். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் செய்ய வேண்டியது. ஓட்ஸ் சாப்பாடு, மருந்து இல்லை. உறவினரிடமும் அன்பாக இதைச் சொல்லுங்கள், மாத்திரையைத் தானாக விட்டவர்கள் கடைசியில் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதை என் குடும்பத்திலேயே பார்த்துவிட்டேன்.

இனி நல்ல செய்தி. ஓட்ஸ் வேகும்போது கரண்டியில் ஒரு வழவழப்பு ஒட்டுமே, பலர் முகம் சுளிப்பது அதைப் பார்த்துத்தான், ஆனால் நமக்கு வேண்டியதே அதுதான். பீட்டா குளுக்கான் என்று பெயர், தண்ணீரில் கரையும் நார். குடலுக்குள் போய்க் கூழ் மாதிரி கெட்டியாகி, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் அனுப்பும் பித்தநீரில் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது, போன பித்தநீருக்குப் பதிலாகப் புதிதாகத் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குவது இந்த வழியில்தான். 1997-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பொட்டலத்தின் மேல் இதய நலனைப் பற்றி எழுத அனுமதி கொடுத்ததும் இந்த நாரை நம்பித்தான். அவர்கள் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான்.

ஆனால் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஓட்ஸில் இந்த நார் ஏறக்குறைய 4 சதவீதம். கால் கப், அதாவது 40 கிராம் குருணை போட்டால் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே, பாதிதான் கிடைக்கும். முழு அளவு வேண்டுமென்றால் ஏறத்தாழ 75 கிராம் வேண்டும், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படித் தினமும் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கலாம். 160 இருந்தால் 150 ஆகும். சாப்பாட்டாலேயே இவ்வளவு இறங்குவது பெரிய விஷயம்தான், ஆனால் மாத்திரை செய்யும் வேலையை அது செய்யாது.

சர்க்கரை ஏறும் வேகத்தைப் பொறுத்தவரை குருணைக்கும் உடனடி ஓட்ஸுக்கும் தூரம் அதிகம். கிளைசெமிக் எண் என்று ஒரு அளவு இருக்கிறது, குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டால் குருணை 55 பக்கம் வரும், உடனடி ஓட்ஸ் 75-ஐத் தொடும். ஒரே தானியம்தான், ஆனால் மெல்லிசாக நசுக்கி முன்பே வேகவைத்துவிட்டதால் வயிற்றுக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், தடிமனான ஓட்ஸ் அவலும் ஏறக்குறைய குருணைக்குச் சமம்தான். உங்கள் ஊரில் குருணை கிடைக்கவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்றால் தடிமனான அவல் வாங்குங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. மெல்லிசுப் பொட்டலத்தையும் மசாலா கலந்த பொட்டலத்தையும் மட்டும் தொடாதீர்கள், மசாலா பொட்டலத்தின் பின்பக்கம் சோடியம் என்ற வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பதினொரு மணிப் பசிக்கு ஓட்ஸ் மட்டும் போதாது ஐயா. 40 கிராமில் 150 கலோரி, 5 கிராம் புரதம், 4 கிராம் நார். பக்கத்தில் ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி பாசிப்பயறுச் சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் சர்க்கரை பாருங்கள். இட்லி சாப்பிட்ட நாளின் எண்ணையும் இதையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று அந்தத் தாள் சொல்லும்.

மேடம், நான் சென்னையில் தனியாக ரூமில் இருக்கிறேன். எட்டு மணிக்கு ஆபீஸ் வண்டி. அரை மணி நேரம் அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாது. ராத்திரியே கொதிக்க வைத்து மூடிவைத்தால் காலையில் வெந்திருக்கும் என்று வீடியோவில் காட்டினார்கள். செய்யலாமா?
வாசகர், சென்னை

தம்பி, அந்த வீடியோ எடுத்தவர் குளிர்நாட்டுக்காரராக இருப்பார். ராத்திரி கொதிக்கவைத்து அடுப்பிலேயே மூடி வைப்பது அங்கே நடக்கும். சித்திரை மாதச் சென்னையில் வெந்த தானியத்தை எட்டு மணி நேரம் வெளியே வைத்தால் கெட்டுப்போகும், வயிற்றுக்கு ஆகாது. நானே ஒரு மே மாதம் செய்து பார்த்தேன், காலையில் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை, மேலே சின்னச் சின்னக் குமிழி. அப்படியே கொட்டினேன்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ராத்திரி படுக்கும் முன் கால் கப் குருணையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடு சேர்த்து மொத்தம் ஒரு கப் வருகிற மாதிரி ஊற்றிச் சின்ன தீயில் வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். பாத்திரம் மட்டும் பெரிசாக இருக்கட்டும், பொங்கி வழியும்.

ஃபிரிட்ஜ் இல்லை, குக்கர் இருக்கிறது என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், அரை ஸ்பூன் நெய் அல்லது எண்ணெய். அந்த அரை ஸ்பூனை விட்டுவிடாதீர்கள், நுரையை அடக்குவது அதுதான். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது, நுரை ஏறி விசில் துவாரத்தை அடைத்தால் ஆபத்து. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம், அப்புறம் அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும் வரை காத்திருங்கள். விசிலைக் கரண்டியால் தூக்கினால் கஞ்சி கூரையில் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேகவைத்து, ஆறியதும் உடனே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் களி மாதிரி இறுகியிருக்கும், பயப்படாதீர்கள். வேண்டிய அளவு மட்டும் வெட்டி எடுத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரண்டியால் உடைத்து நன்றாகச் சூடாக்குங்கள்.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு இந்தக் கொழகொழப்பே ஆகாது. பால், பழம், தேன் எல்லாம் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், 'ஜுரம் வந்தவன் சாப்பாடு' என்று தள்ளி வைத்துவிடுகிறார். நம் ருசிக்கு எப்படிச் செய்வது?
வாசகி, திருநெல்வேலி

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் என் அம்மாவும் நொய்க்கஞ்சிதான் வைப்பார், அந்த ஞாபகம் நாக்கை விட்டுப் போகாது. காலையில் இனிப்பாக ஒரு கிண்ணம் சாப்பிடுவது நமக்குப் பழக்கமும் இல்லை. தேனை நிறுத்துங்கள், அதுவும் சர்க்கரைதான். உப்பும் காரமும் பக்கம் வாருங்கள்.

முதல் வேலை வறுப்பது. அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் நெய் விட்டு, குருணையைச் சின்ன தீயில் நாலைந்து நிமிடம் கிளறுங்கள். முதலில் பச்சை மாவு வாடைதான் வரும், மூன்றாவது நிமிடத்தில் அது போய் முந்திரி வறுபடுகிற மாதிரி ஒரு மணம் எழும், ஒன்றிரண்டு துண்டுகள் ஓரத்தில் பொன்னிறமாகும், அங்கே நிறுத்திவிடுங்கள். வறுத்தால் கொழகொழப்பு வெகுவாகக் குறைந்து ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும். வேகும்போது சும்மா சும்மா கிளறக் கூடாது, கிளறக் கிளறத்தான் பசை வெளியே வரும்.

இப்படி வறுத்த முக்கால் கப் குருணையோடு, அரைக் கப் பாசிப்பருப்பையும் லேசாக வறுத்துச் சேர்த்து, நாலரைக் கப் தண்ணீர், உப்பு, ஒரு துண்டு இஞ்சி போட்டுக் குக்கரில் ஐந்து விசில். நெய்யில் மிளகு, சீரகம், கறிவேப்பிலை, நாலு முந்திரி, ஒரு சிட்டிகை பெருங்காயம் தாளித்துக் கொட்டி, கரண்டியால் ஒரு திருப்புத் திருப்புங்கள். பொங்கல்தான், சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் வைத்துப் பரிமாறுங்கள். ஓட்ஸ் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், அவர் கேட்டால் மறைக்காதீர்கள். பருப்பு சேர்ந்ததால் புரதமும் கூடிவிடுகிறது, ஓட்ஸின் குறை பருப்பில் தீரும்.

வெயில் காலத்துக்கு மோர்க்கஞ்சி. குருணையை நாலு பங்கு தண்ணீரில் குழைய வேகவிட்டு, நன்றாக ஆறிய பிறகு, சூட்டோடு ஊற்றினால் மோர் திரிந்துவிடும், ஆறிய பிறகு உப்புப் போட்ட மோரில் கரைத்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கிள்ளிய கறிவேப்பிலை. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் ஒன்றே ஒன்று, அதில் உப்பு அதிகம். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் இதுதான், ஓட்ஸை நான் முதன்முதலாக விரும்பிச் சாப்பிட்டதும் இந்தக் கஞ்சியில்தான்.

உப்புமாவும் கிண்டலாம். ரவை உப்புமா மாதிரி தாளித்து வெங்காயம், கேரட், பட்டாணி வதக்கி, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதித்ததும் வறுத்த குருணையைப் போட்டு மூடிச் சின்ன தீயில் 20 நிமிடம். உதிரி உதிரியாக வரும்.

மேடம், நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். இங்கே எல்லோரும் ஓட்ஸில் பிரவுன் சுகர் போடுகிறார்கள். அசல் முறை எது?
வாசகி, டொராண்டோ

உலகத்தில் அதிகமாக ஓட்ஸ் ஏற்றுமதி செய்யும் நாட்டில் இருக்கிறீர்கள், சஸ்காச்சுவான் மாகாணம் முழுக்க விளைகிறது, உங்களுக்கு நல்ல சரக்கு மலிவாகவே கிடைக்கும். அசல் முறை என்றால் ஸ்காட்லாந்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கார்பிரிட்ஜ் என்ற சின்ன கிராமத்தில் 1994 முதல் உலக ஓட்ஸ் கஞ்சிப் போட்டி நடக்கிறது. முக்கியப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு, இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. ஜெயித்தவருக்குத் தங்க 'ஸ்பர்ட்டில்' பரிசு. ஸ்பர்ட்டில் என்பது கஞ்சி கிண்டும் மரக்குச்சி, நம் களி கிண்டும் துடுப்பின் ஒல்லியான தங்கை. சர்க்கரை இல்லாமல் உப்புப் போட்டுக் குடிக்கும் கஞ்சி என்றால் நமக்குப் புதிதா என்ன? நீங்கள் தாராளமாக உப்புக் கஞ்சியே வையுங்கள்.

வணக்கம். கம்பும் கேழ்வரகும் சாமையும் நம் மண்ணில் விளையும்போது, எங்கேயோ விளைகிற ஓட்ஸை எதற்கு எழுதுகிறீர்கள்? நான் விவசாயி, மனது கேட்கவில்லை.
வாசகர், தருமபுரி

உங்கள் கோபம் புரிகிறது ஐயா, அதை மதிக்கிறேன். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சாப்பிடுகிறவர் அவற்றை விட்டுவிட்டு ஓட்ஸுக்கு மாற வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கேழ்வரகில் இருக்கும் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து ஓட்ஸில் இல்லை, பக்கத்தில் கூட வராது. ஓட்ஸுக்கு என்று தனியாக இருப்பது அந்த ஒரு நார், அது நம் சிறுதானியங்களில் இந்த அளவுக்குக் கிடையாது. கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களுக்கு எழுதும்போது மட்டும்தான் ஓட்ஸை முன்னால் வைக்கிறேன்.

அதற்கும் மலிவான வழி ஒன்று உண்டு, பார்லி. மளிகைக் கடையில் எப்போதும் இருக்கும், அதிலும் இதே பீட்டா குளுக்கான் இருக்கிறது. உடம்பு வீங்கினால் பார்லிக் கஞ்சி குடிப்பது நம் வீடுகளில் இருந்ததுதானே. வாரத்தில் இரண்டு நாள் பார்லி, மூன்று நாள் கம்பு, கேழ்வரகு, மீதி நாள் இட்லி தோசை என்று இருந்தால் ஓட்ஸ் இல்லாமலே நன்றாக இருக்கலாம்.

சின்னக் கேள்விகள் சில:

ஓட்ஸ் சாப்பிட ஆரம்பித்ததும் வயிறு உப்புகிறது. (வாசகி, ஈரோடு) நாரை ஒரேயடியாகக் கூட்டினால் அப்படித்தான். இரண்டு ஸ்பூனில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கால் கப்புக்கு வாருங்கள், தண்ணீர் கூடக் குடியுங்கள்.

தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு உடனே ஓட்ஸ் சாப்பிடலாமா? (வாசகி, சேலம்) கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எந்தச் சாப்பாடும். நார் அதிகமான சாப்பாடு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

கோதுமை ஒவ்வாமை இருப்பவர் சாப்பிடலாமா? (வாசகர், திருச்சி) கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சாதாரண ஓட்ஸ் வேண்டாம். ஓட்ஸில் கோதுமை குளூட்டன் கிடையாது, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து, அதையும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சிலருக்குச் சுத்தமான ஓட்ஸும் ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டு கிலோ ஆஃபரில் வாங்கினேன், இப்போது கசக்கிறது. (வாசகி, நாகர்கோவில்) கொட்டிவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிடுங்கள். அரிசி கோதுமையை விட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், நூறு கிராமில் ஆறு ஏழு கிராம் இருக்கும். ஆலையிலேயே ஆவி காட்டித்தான் அனுப்புகிறார்கள், இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும். நம் ஊர் வெயிலில் திறந்த பொட்டலம் மாதக்கணக்கில் கிடந்தால் பழைய எண்ணெய் வாடை வரும், வண்டும் வைக்கும். அடுத்த தடவை அரைக் கிலோ மட்டும் வாங்கி, இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சமைக்கும் முன் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று பாருங்கள், லேசாக இனித்தால் நல்ல சரக்கு.